எலீட் பிராஸ்பெக்ட்ஸ்: இளம் ஹாக்கி வீரர்களை எடைபோட ஒரு தரவுத்தளம்

சுவீடனில் உருவான எலீட் பிராஸ்பெக்ட்ஸ் இணையதளம், ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவர் ஜூனியர் லீக்கிலிருந்து வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்எச்எல் வரை ஆடிய ஆட்டங்களையும் கோல்களையும் அசிஸ்ட்களையும் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்களையும்) பருவவாரியாக ஒரே பக்கத்தில் அடுக்கித் தருகிறது. 2019-இல், என்எச்எல் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், டெட்ராய்ட் அணி 6-ஆவதாகத் தேர்ந்தெடுத்த மோரிட்ஸ் சைடர், முதலில் என்எச்எல்லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏஎச்எல்லிலும் பின்னர் சுவீடனின் ரோக்லே அணியிலும் பக்குவப்பட்டு, 2021-இல்தான் என்எச்எல்லில் கால்வைத்தார் என்பது அங்கே ஒரே பார்வையில் புலப்படும். இந்த வசதிக்காகவே தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் வளர்ச்சியின் காரணத்தை அந்த அட்டவணை சொல்லாது. 2020-21 பருவத்தில் 38 ஆட்டங்களில் 8 கோல்கள் மட்டுமே அடித்திருந்த பஃபலோ அணியின் டேஜ் தாம்ஸனை, அந்த வரியை மட்டும் படித்தவர் அப்போதே கைகழுவியிருப்பார். முந்தைய பருவத்தைத் தோள்பட்டைக் காயம் பறித்துக்கொண்டது, 2021-22-இல் பயிற்சியாளர் டான் கிரனாட்டோ அவரை விங்கிலிருந்து (பக்கவாட்டு முன்கள இடம்) சென்டருக்கு (நடு முன்கள இடம்) மாற்றினார் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், அப்பருவத்தின் 38 கோல்களும் அடுத்த பருவத்தின் 47 கோல்களும் விளங்கும். வீரர் களத்தில் இருக்கும்போது அணி அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் பிளஸ்-மைனஸ் கட்டத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை. உடன் ஆடுபவர்களின் தரம் அதில் அளவுக்கு மீறிக் கலந்துவிடுகிறது. ஆகவே, ஆட்டக் காணொளிகளையும் பார்ப்பவருக்கே இத்தளம் முழுப் பயன் தரும்.