வேலையை விடாமல் நீலச் சீருடை: தங்கிப் பயில்வதா, வந்துபோய்ப் பயில்வதா?

"வேலையை விட்டாத்தான் போலீஸ்ல சேர முடியுமா மாமா?" முப்பதைத் தொட்ட பிள்ளைகள் கல்யாண வீட்டுப் பந்தியில் இப்படிக் கேட்பது உண்டு. விட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் முழுநேரக் காவல் அதிகாரி ஆகலாம், தொண்டூழிய சிறப்புக் காவல்படையில் சேரலாம், துணைக் காவல் அதிகாரியாகவும் போகலாம். இருக்கும் வேலையையும் வைத்துக்கொள்ள நடுவில் உள்ள வழிதான் தோது. கட்டாயத் தேசிய சேவையில் காவல்துறைக்கு அனுப்பப்படுவது நம் விருப்பத்தில் இல்லை என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

முழுநேரம் என்றால் பழைய சுவா சூ காங் சாலையில் இருக்கும் பயிற்சிக்கூடமான ஹோம் டீம் அகாடமி. சார்ஜண்ட் நிலையில் சேருபவருக்கு ஆறு மாதம், இன்ஸ்பெக்டர் நிலையில் ஒன்பது மாதம். சம்பளம் முதல் மாதமே வரும். உள்ளே தங்கிப் பயில்வதன் அருமை வகுப்பறையில் தெரியாது. வகுப்பு முடிந்த பிறகுதான் தெரியும். மாலையில் கற்றுத் தந்த பிடியை இரவு பங்க்கில், அதாவது தங்கும் அறையில், பக்கத்துக் கட்டில்காரன் கையைப் பிடித்துப் பத்து முறை போட்டுப் பார்க்கலாம். தேசிய சேவை முடித்த பையன்களுக்கு வாரம் தோறும் முகாமுக்குள் போவதும் வெளியே வருவதுமான புக் இன், புக் அவுட் எல்லாம் பழகிய சங்கதி. கைக்குழந்தை உள்ளவருக்கு அந்த அரையாண்டு நீளமாகத்தான் தெரியும்.

தொண்டூழிய சிறப்புக் காவல்படை 1946இல் தொடங்கியது. இங்கே தங்க வேண்டாம். பயிற்சி அதே அகாடமியில் வாரநாள் மாலைகளிலும் வார இறுதிகளிலும் நடக்கும். அதுவும் மாதக்கணக்கில் நீளும். முடித்தவருக்கு அதே சீருடை, முழுநேர அதிகாரிக்கு உள்ள அதே அதிகாரம். அதன் பிறகு மாதம் குறைந்தது 16 மணி நேரம் பணி. மணிக்கணக்கில் ஒரு சிறு படி கிடைக்கும், அதைச் சம்பளம் என்று நம்பி யாரும் வர வேண்டாம்.

அந்த மாலை எப்படிப் போகும் என்று பாருங்கள். ராஃபிள்ஸ் பிளேஸில் அலுவலகம் என்றால் ஜூரோங் ஈஸ்ட் வரை ஒரு ரயில், அங்கே மாறி சுவா சூ காங், அப்புறம் 172 அல்லது 975 பேருந்து. மேலாளர் ஆறு மணிக்கு "ஒரு சின்ன மீட்டிங்" என்றால் அன்றைய வகுப்பு அம்போ. வகுப்பு முடிந்து ஈசூனுக்கோ பொங்கோலுக்கோ திரும்பினால் பிள்ளைகள் தூங்கியிருக்கும், சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கும். மறுநாள் காலை வழக்கம்போல வேலை. வந்துபோகும் பயிற்சியை "லேசானது" என்று சொல்பவர்கள் இந்தப் பயணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சட்டப் பாடத்துக்கு இந்த முறை ஒன்றும் குறைவில்லை என்பேன். எந்தக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், எதற்கு முடியாது என்பதை ரயிலில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்யலாம். உதைப்பது உடம்பில்தான். விலங்கு மாட்டுவது, தடியைச் சுழற்றுவது, சுடுதளத்தில் துப்பாக்கியைப் பிடிப்பது எல்லாம் கைப்பழக்கம். செவ்வாய் கற்றது சனிக்குள் பாதி மறந்துபோகும். வீட்டுக் கூடத்தில் மனைவி கையைப் பிடித்துப் பார்க்கவா முடியும்? ஓட்டமும் அப்படித்தான். 2.4 கிலோமீட்டரை விசிலடித்து ஓடவைக்க ஆள் கிடையாது. பூங்கா இணைப்புப் பாதையில் நீங்களாகத்தான் ஓட வேண்டும்.

ஆனால் மாலை வகுப்புக்கென்று ஒரு பலம் இருக்கிறது, அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். அங்கே வருபவர்கள் பொறியாளர், ஆசிரியர், வங்கிக்காரர் என்று ஏற்கெனவே பலதரப்பட்ட மனிதர்களோடு பேசிப் பழகியவர்கள். ஞாயிறு மாலை ரேஸ் கோர்ஸ் சாலையை நினைத்துப் பாருங்கள். தேக்கா வட்டாரத்தில் சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அது. கையில் பீர் டின்னோடு புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் கட்டுமானத் தொழிலாளியிடம் "அண்ணே, இங்க குடிக்கக் கூடாது, அத ஊத்திடுங்க" என்று தமிழில் பதமாகச் சொல்லத் தெரிந்தவரால் பாதிச் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும். இதை எந்த பங்க்கும் ஆறு மாதத்தில் கற்றுத் தராது.

துணைக் காவல் அதிகாரி வேலை வேறு ரகம். செர்டிஸ், ஏட்டோஸ் போன்ற நிறுவனங்கள் ஆளெடுத்துத் தாங்களே பயிற்சி தருகின்றன. இது முழு வேலை. பழைய வேலையை விட்டுத்தான் ஆக வேண்டும். அதிகாரமும் பணியோடு கட்டுப்பட்டது. 2013 டிசம்பர் 8 தேக்கா கலவரத்தில் முதலில் அந்த இடத்தில் இருந்தவர்களில் துணைக் காவலர்களும் உண்டு. முன்வரிசையில் நிற்பவர்களுக்குக் கூட்டத்தைக் கையாளும் பயிற்சியும் கருவிகளும் வேண்டும் என்று விசாரணைக் குழு பிறகு பரிந்துரைத்தது. ஆகவே நிறுவனப் பயிற்சிதானே என்று அலட்சியமாக உள்ளே போகாதீர்கள்.

இருபத்தைந்துக்குள் இருந்து, காவல்துறையே வாழ்க்கை என்று தோன்றினால் தயங்காமல் முழுநேரம் போங்கள். உடம்பு வளையும் வயதில் தங்கிப் பயில்வதே நல்லது. நிலையான பகல் வேலை, விட்டுக்கொடுக்கும் குடும்பம், மேற்குப் பக்கம் வீடு, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் தொண்டூழியப் படை சரிப்படும். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், பாதி வகுப்பு போய்விடும். அக்கம்பக்க ரோந்தும் மக்கள் தொடர்பும் போதும் என்பவர்களுக்கு அதே படையில் சமூகப் பிரிவு ஒன்று உண்டு, அதன் பயிற்சி குறுகியது. எதுவானாலும் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் ஒரு வேலைநாள் மாலை அலுவலகத்திலிருந்து கிளம்பி அகாடமி வாசல்வரை பேருந்தில் போய்த் திரும்பிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது மணி என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் வீட்டில் பேசுங்கள்.