பம்ப்செட் கையேடு: அச்சா, பிடிஎஃப்பா, இணையப் பக்கமா?

கையேட்டை இணையத்துக்கு மாற்றலாம் என்று கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனி முதலாளியிடம் சொன்னால், "அச்சுச் செலவு எவ்வளவு மிச்சம்?" என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கணக்கு மட்டும் எடுபடாது. மோட்டார் விலைக்கு முன்னால் புத்தகத்தின் விலை ஒன்றுமே இல்லை. பணம் கரைவது சர்வீஸில்.

மூன்று ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டாரையே பாருங்கள். இரண்டு ஒயர் இடம் மாறினால் தலைகீழாகச் சுற்றும். மோட்டார் ஓடும், தண்ணீர் மட்டும் குறைவாக வரும். மேலே இருக்கும் கண்ட்ரோல் பேனலில் இரண்டு ஒயரை மாற்றினால் தீர்ந்தது. இது தெரியாவிட்டால், ஆயிரம் அடி தாண்டி போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டிருக்கும் பல்லடம், அவிநாசிப் பக்கத் தோட்டங்களில் பைப்போடு மோட்டாரையே மேலே ஏற்றிவிடுவார்கள். விவரம் கையேட்டில் இருக்கிறது. கையேடு கடையிலோ காலிப் பெட்டியிலோ கிடக்கிறது.

அச்சுக்கு சிக்னல் வேண்டாம், அது பெரிய பலம். ஆனால் கெப்பாசிட்டர் அளவு மாறினால் டீலர் கடையில் இருக்கும் பெட்டிகளைத் திறந்து திருத்த முடியாது. கன்னடம், இந்தி என்று சேர்க்கச் சேர்க்கப் பக்கமும் கூடும்.

பிடிஎஃப் செலவில்லாதது போலத் தெரியும். என் கணக்கில் மூன்றில் மோசமானது அதுதான். தாள் அளவுக்குச் செய்த பக்கத்தை மெக்கானிக் போனில் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். அதைவிட, பழைய பிரதி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். திரும்ப வாங்க வழியில்லை.

இணையப் பக்கத்தில் ஓரிடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் புதியது. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அவர் சம்பளத்தை மறைக்காமல் செலவில் காட்டுங்கள். அப்புறம், க்யூஆர் கோடை பம்ப்பில் ஒட்டாதீர்கள், அது போருக்குள் போய்விடும். மோட்டார் ரூமில் இருக்கும் பேனல் கதவில் ஒட்டுங்கள். பம்ப் பல வருஷம் ஓடும் என்பதால் முகவரி கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே இருக்க வேண்டும்.

முதலாளியிடம் போகும்முன் போன மாத சர்வீஸ் ரிஜிஸ்டரை எடுத்து, கையேட்டிலேயே பதில் இருந்த புகார்களைக் குறியுங்கள். அந்த எண்ணிக்கையை, ஆள் கூலி, பெட்ரோல், பேட்டா சேர்த்து ஒரு நடைக்கு ஆகும் செலவால் பெருக்குங்கள். அந்தத் தொகையை இணையப் பக்கத்துக்கு ஆகும் செலவோடு ஒரே தாளில் வையுங்கள். அதிகப் புகார் வரும் ஒரு மாடலுக்கு மட்டும் முதலில் கேளுங்கள். சிக்னல் இல்லாத தோட்டத்துக்காக, ஒயரிங் படமும் எச்சரிக்கைகளும் அச்சடித்த ஒற்றைத் தாள் பெட்டிக்குள் தொடரட்டும்.