பல்லாரட் தங்க வயல்: குழி தோண்டவா, கடை போடவா?

1850களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், பல்லாரட்டுக்கு வந்து இறங்கியவருக்கு இரண்டு வழிகள்: மண்வெட்டி பிடிப்பது, அல்லது பிடிப்பவனுக்கு அதை விற்பது.

தோண்டுகிறவன் பாடு பெரும்பாடு. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தொடக்கத்தில் மாதம் 30 ஷில்லிங் (ஒன்றரை பவுண்டு) உரிமக் கட்டணம். ஆழத்தில் புதைந்த, தங்கம் படிந்த பழைய ஆற்றுப்படுகையை எட்ட 100 அடிக்கும் மேல் குழி இறக்க வேண்டியிருந்தது. நீர் ஊறும், சுவர் சரியும்; மாதக்கணக்கில் உழைத்தும் அடியில் வெறும் சேறு மிஞ்சுவது உண்டு. நடுவில் போலீஸ் உரிமச்சீட்டைக் கேட்டால் அந்தச் சேற்றோடு மேலே ஏறி வந்து காட்டவேண்டும். 1854 டிசம்பரில் பல்லாரட்டின் யுரேகா பகுதியில் கலகம் வெடித்ததற்கு இந்தக் கெடுபிடி முக்கியக் காரணம். மறு ஆண்டே உரிமக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு பவுண்டு என்று இறங்கியது.

கடைக்காரருக்கும் கித்தான் கூரைதான், தனி உரிமமும் உண்டு. ஆனால் மாவும் தேயிலையும் ஆட்டிறைச்சியும் எல்லாருக்கும் வேண்டும். மழைக்காலச் சேற்றில் மெல்போர்ன் மாட்டுவண்டிக் கூலி ஏறினால் விலையில் ஏற்றிவிடலாம். திருட்டுச் சாராயம் தனி வரும்படி! கடன் வாங்கியவன் அடுத்த வயலுக்கு ஓடிவிட்டால்தான் வம்பு.

என் ஓட்டு கடைக்கே. மேல்மண்ணிலேயே தங்கம் மின்னிய 1851இல் வந்திருந்தால் மட்டும் நானும் குழியில் இறங்கியிருப்பேன்.