ஃப்ரீசர் அறை போடுகிறீர்களா? ‘5 கிலோவாட் கம்ப்ரஸர்’ என்றால் எந்த வெப்பநிலையில் என்று கேளுங்கள்

முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஆனது இன்னொருவருக்கு ஆக வேண்டாம்.

மருந்துப் பெட்டிகளில் வைக்கும் ஐஸ் பேக்குகளை உறையவைக்க ஒரு சின்ன அறை தேவைப்பட்டது. தினமும் 400 கிலோ, உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். 30 டிகிரியில் உள்ளே போவது 16 மணி நேரத்தில் மைனஸ் 18-க்கு வர வேண்டும். அறையை அமைக்க வந்தவர், எவ்வளவு சூட்டை வெளியே எடுக்க வேண்டும் (அதுதான் லோடு) என்று ஒரு தாளில் கணக்குப் போட்டார். "லோடு மொத்தமே 2 கிலோவாட்தான் சார். நான் 5 கிலோவாட் கம்ப்ரஸர் போடுறேன், கவலையே வேண்டாம்" என்றார். நம்பினேன்.

முதல் வாரமே கம்ப்ரஸர் இரவு முழுக்க நிற்காமல் ஓடியது. காலையில் ஒரு பேக்கைக் கத்தியால் கீறினேன். ஓரத்தில் விரல் கனத்துக்கு ஐஸ், நடுவில் இருந்து தண்ணீர் கொட்டியது. அடுத்த நாள் ஒரு பேக்கின் நடுவில் தெர்மாமீட்டரைச் செருகி வைத்தேன். நள்ளிரவில் 0 காட்டியது, விடிந்தும் அதே 0. போன் செய்தால் "கேஸ் கம்மியா இருக்கும்" என்றார். இரண்டு முறை வந்து கேஸ் ஏற்றினார், இரண்டு முறையும் காசு வாங்கினார். மூன்றாவது வாரம் கம்ப்ரஸர் கை வைக்க முடியாத சூட்டில் டிரிப் ஆக ஆரம்பித்தது.

அப்புறம்தான் அந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். தண்ணீர் 30-லிருந்து 0-க்கு வர கிலோவுக்கு 126 கிலோஜூல். அவர் கணக்கு அதோடு முடிந்திருந்தது! 0 டிகிரித் தண்ணீர் 0 டிகிரி ஐஸாக மாறவே கிலோவுக்கு 334 கிலோஜூலை வெளியே எடுக்க வேண்டும். என் தெர்மாமீட்டர் இரவெல்லாம் அசையாமல் நின்றது அங்கேதான். ஐஸ் மைனஸ் 18-க்கு இறங்க இன்னும் 38. ஆக மொத்தம் 498. 400 கிலோவை 16 மணி நேரத்தில் முடிக்க இதற்கே 3.5 கிலோவாட் வேண்டும். சுவர், கதவு, ஃபேன் வழியாக வரும் சூட்டுக்கு இன்னொரு கிலோவாட் சேர்த்தால் நாலரை.

சரி, 5 இருக்கிறதே என்று தோன்றும். எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான். கம்ப்ரஸரின் நேம்பிளேட் மேல் அவருடைய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை உரித்து, மாடல் எண்ணை வைத்து கேட்லாக்கைப் பார்த்தேன். அந்த 5 கிலோவாட், எவாப்பரேட்டர் (அறைக்குள் இருந்து சூட்டை இழுக்கும் காயில்) 7.2 டிகிரியில் இருக்கும்போது கிடைப்பது. அறை மைனஸ் 18-ல் இருக்க வேண்டுமென்றால் எவாப்பரேட்டர் மைனஸ் 25 அளவில் ஓட வேண்டும்.

என்னுடையதில் சூட்டைச் சுமக்கும் கேஸ் ஆர்134ஏ. 7 டிகிரியில் அதன் ஆவி ஒரு கன மீட்டருக்கு 18 கிலோ எடை இருக்கும். மைனஸ் 25-ல் 5.5 கிலோதான். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் இழுப்பது அதே கனஅளவு, ஆனால் உள்ளே வருவது மெல்லிய ஆவி. அந்த ஒரு கிலோ ஆவி எடுக்கும் சூடும் 139-லிருந்து 120 கிலோஜூலாகக் குறைகிறது (சூட்டை வெளியே விடும் காயிலான கண்டென்சர் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால்). இரண்டையும் பெருக்கினால் மிஞ்சுவது கால்வாசி. ஆவியை எத்தனை மடங்கு அழுத்த வேண்டும் என்ற அழுத்த விகிதம் 3-லிருந்து 11 ஆகிவிடுவதால் பிஸ்டன் முழுசாக இழுக்கவும் முடியாது. நாலரை வேண்டிய இடத்தில் ஒன்றரைகூடத் தேறாது. மோட்டாரும் உள்ளேயே இருக்கும் இந்த மாதிரி மூடிய கம்ப்ரஸரில் மோட்டாரைக் குளிரவைப்பதும் இதே ஆவிதான். அது குறைந்ததால்தான் அந்தச் சூடு. கேஸ் ஒருநாளும் குறையவே இல்லை.

கேட்டதற்கு, "எல்லா கம்ப்ரஸரும் ஒண்ணுதான் சார், எச்.பி.தான் கணக்கு" என்றார். இப்போது போனே எடுப்பதில்லை.

நீங்கள் கொட்டேஷன் வாங்கும்போது எவாப்பரேட்டர் வெப்பநிலை, கண்டென்சர் வெப்பநிலை, அந்த இரண்டிலும் கிடைக்கும் கிலோவாட், இந்த மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்லாக் பக்கத்தையும் இணைக்கச் சொல்லுங்கள். ஃப்ரீசருக்கான கம்ப்ரஸர்களின் திறனை வழக்கமாக மைனஸ் 23.3-ல் கொடுத்திருப்பார்கள். 7.2 என்று பார்த்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உறையவைக்கும் வேலை என்றால் லோடு கணக்கில் 334 என்ற எண் இருக்கிறதா என்றும் தேடுங்கள். நேம்பிளேட் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அவர் முன்னாலேயே உரித்துப் பாருங்கள்.