ஹனிவெல் வி4043எச் வால்வு: மோட்டாரா, ஹெட்டா, முழு வால்வா?

பிரிட்டனில் சுடுநீர்ச் சிலிண்டர் உள்ள வீட்டில் ரேடியேட்டர் சூடாகவில்லை என்றால் பலரும் முதலில் பாய்லரைத்தான் சந்தேகிப்பார்கள். பாய்லருக்கு 'எரி' என்று சொல்வது பெரும்பாலும் சிலிண்டர் அலமாரிக்குள் செப்புக் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன உலோகப் பெட்டி. எஸ்-பிளான் முறையில் அந்தப் பெட்டிகள் இரண்டு இருக்கும்: ஒன்று ஹீட்டிங்குக்கு, மற்றது சுடுநீருக்கு. ஹனிவெல் வி4043எச் இந்த வகையில் மிகப் பரவலானது. 2018இல் ரெசிடியோ தனி நிறுவனமாகப் பிரிந்த பிறகு 'ஹனிவெல் ஹோம்' என்ற பெயரில் வருகிறது. 22 மிமீ குழாய்க்கான மாடலின் முழு எண் வி4043எச்1056.

வால்விலிருந்து ஐந்து வயர் வரும். பழுப்பு மோட்டாருக்கு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். சாம்பலும் ஆரஞ்சும் உள்ளே உள்ள மைக்ரோசுவிட்ச் என்ற குட்டிச் சுவிட்சுக்குப் போகின்றன. அறைத் தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும் பழுப்பில் 230 வோல்ட் வரும். மோட்டார் ஸ்பிரிங்கை எதிர்த்துச் சுழன்று, உள்ளே வழியை அடைத்திருக்கும் ரப்பர்ப் பந்தை விலக்கும். அதற்குச் சுமார் 20 விநாடி ஆகும். ஓட்டத்தின் கடைசியில் சுவிட்ச் அழுந்தி, சாம்பலில் எப்போதும் இருக்கும் லைவ் ஆரஞ்சுக்குப் பாயும். அந்த ஆரஞ்சுதான் பாய்லரை எழுப்புகிறது. கரண்ட் நின்றால் ஸ்பிரிங் தானாக மூடிவிடும்.

எளிமையான ஏற்பாடு, ஆனால் பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கிறது. வால்வு முழுசாகத் திறந்த பிறகும் மோட்டாருக்கு ஓய்வு கிடையாது. தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்கும் நேரமெல்லாம் சுழல முடியாமல் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பெட்டி தொட்டால் சூடாக இருப்பது அதனால்தான். அது பழுது அல்ல. குளிர்காலத்தில் அதிக நேரம் உழைப்பது ஹீட்டிங் வால்வு என்பதால் சுடுநீர் வால்வைவிட அதன் மோட்டார் முன்னால் போவதும் இயல்பே. பித்தளை உடலுக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். மோட்டாருக்கு இரண்டரைக்கு மேல் மனசு வரவில்லை.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். கரண்ட் உள்ளபோது சோதிப்பதால், பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைப்பதே சரி. கருவியாக இருமுனை வோல்டேஜ் டெஸ்டர் வேண்டும். பேனா மாதிரி இருக்கும் தொடா டெஸ்டரை நம்ப வேண்டாம். ஒரே கேபிளில் பக்கத்தில் லைவ் ஓடினால் செத்த வயரையும் உயிரோடு இருப்பதாகக் காட்டும்.

முதலில் லீவர். வால்வின் பக்கவாட்டில் உள்ள லீவரை விரலால் தள்ளினால் ஸ்பிரிங் எதிர்ப்பது தெரிந்தால் வால்வு மூடியிருக்கிறது. தொளதொளவென்று ஆடினால் மோட்டார் ஏற்கெனவே திறந்துவிட்டது. ஹீட்டிங் கேட்டு அரை நிமிடம் ஆன பிறகும் எதிர்ப்பு இருந்தால், எல்லா வயர்களும் வந்து சேரும் இணைப்புப் பெட்டியான வயரிங் சென்டரில் பழுப்புக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளக்க வேண்டும். 230 வோல்ட் இருந்தும் வால்வு அசையவில்லை என்றால் மோட்டாரோ, அதன் பல்சக்கரமோ, அடியில் உள்ள தண்டோ போயிருக்கிறது. வோல்ட் இல்லை என்றால் வால்வின் மேல் பழி போடாதீர்கள், பின்னோக்கிப் போங்கள். நேரம் வைக்கும் புரோகிராமரின் பின்தகட்டில் வழக்கமாக 4ஆம் முனை ஹீட்டிங் ஆன், 3ஆம் முனை சுடுநீர் ஆன். 4இல் லைவ் இருந்து தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால் இல்லை என்றால் குற்றவாளி தெர்மோஸ்டாட். 4லேயே இல்லை என்றால் புரோகிராமர். ஹீட்டிங், சுடுநீர் இரண்டுமே இயங்காத வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் 3 ஆம்பியர் ஃபியூஸைப் பாருங்கள்.

லீவர் தொளதொள என்று இருந்தும் பாய்லர் எழவில்லையா? ஆரஞ்சை அளக்க வேண்டும். சாம்பலில் லைவ் இருந்து ஆரஞ்சில் இல்லை என்றால் மைக்ரோசுவிட்ச் போய்விட்டது. பம்பையும் ஆரஞ்சிலேயே கோத்திருக்கும் பழைய அமைப்புகளில் சுவிட்சின் முனைகள் பம்பின் சுமையையும் தாங்க வேண்டும், அதனால் சீக்கிரம் கருகும்.

நேர்மாறான பழுதும் உண்டு. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பாய்லர் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு பழுப்பும் செத்திருக்க ஆரஞ்சில் லைவ் நின்றால், ஏதோ ஒரு மைக்ரோசுவிட்ச் ஒட்டிக்கொண்டது, அல்லது ஒரு வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது. இரண்டு வால்வின் ஆரஞ்சும் ஒரே முனையில் சேர்வதால் அளந்து பிரிக்க முடியாது. மெயினை அணைத்து ஒரு வால்வின் சாம்பலைக் கழற்றி, முனையை மூடிவைத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். பாய்லர் நின்றால் அதுதான். பாய்லர் அணைந்த பின் பம்ப் மட்டும் சில நிமிடம் ஓடுவது வேறு விஷயம். மிஞ்சிய சூட்டை வெளியேற்றப் பாய்லரே அப்படிச் செய்யும்.

சுடுநீர் மட்டும் போட்டாலும் ரேடியேட்டர் சூடாகிறது என்றால், ஹீட்டிங் வால்வின் லீவரை யாரோ கையால் திறந்து கொக்கியில் மாட்டி வைத்தார்களா என்று பாருங்கள். அப்படி இல்லை என்றால் உள்ளே உள்ள ரப்பர்ப் பந்து தேய்ந்திருக்கலாம்; வயரிங்கில் தேடிப் பயனில்லை.

இந்த வால்வில் மன்னிக்க முடியாத விஷயம் சாம்பல் வயர்தான். புரோகிராமரை அணைத்தாலும் அதில் 230 வோல்ட் நிற்கும். மூடியைத் திறப்பதற்கு முன் ஃபியூஸ் ஸ்பரில் (ஹீட்டிங் அமைப்புக்குக் கரண்ட் தரும், ஃபியூஸ் உள்ள சுவிட்ச்) அணைத்து, எல்லா வயரும் செத்துவிட்டதா என்று டெஸ்டரால் உறுதி செய்யுங்கள். பழைய வீடுகளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பிரிட்டனில் வயர் நிறங்கள் 2004இல் மாறத் தொடங்கி, 2006 ஏப்ரலிலிருந்து புது நிறங்கள் கட்டாயமாயின. பழைய மூன்று வயர்க் கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே லைவாக இருக்கலாம். வால்வின் நீலமோ நியூட்ரல். ஒரே பெட்டிக்குள் இரண்டு நீலம், இரண்டு அர்த்தம். நிறத்தை நம்பி இணைக்காதீர்கள்.

சரி, எதை வாங்குவது? மோட்டார் மட்டும் செத்திருந்தால் மோட்டாரே போதும். ஹெட்டின், அதாவது பித்தளை உடலின் மேல் உட்காரும் பெட்டி முழுவதன், விலையில் சிறு பங்குதான். திருகைக் கழற்றி, இரண்டு வயரை வெட்டி, புதியதோடு வரும் மூடிய கனெக்டரால் இணைக்க வேண்டும். எந்த வயர் எதில் என்ற கவலை இல்லை. ஆனால் சுழலும் திசை பழையதோடு ஒத்திருக்க வேண்டும். மலிவு மோட்டார்களில் கோட்டைவிடுவது இங்கேதான். மைக்ரோசுவிட்ச் போயிருந்தால் அதை மட்டும் மாற்ற மெனக்கெடாமல் ஹெட்டாகவே மாற்றுவது நல்லது. மோட்டார், சுவிட்ச், கேபிள் மூன்றும் புதிதாகும். ஹெட்டின் எண் 40003916-003. -006 என்று முடிவது மூன்று வழி வால்வுக்கானது, இதில் பொருந்தாது. முழு வால்வு வாங்கும்போது வி4043 என்ற எண்ணை மட்டும் பார்த்து வி4043பியை வாங்கிவிடாதீர்கள். அது கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும் வகை.

மூடியில் சின்னப் புடைப்பு இருந்தால் தண்ணீரை வடிக்காமலே ஹெட்டைக் கழற்றலாம். இல்லாத பழைய வகையில் ஹெட் தனியாக வராது. அங்கே மோட்டாரோ முழு வால்வோதான். ஹெட்டைக் கழற்றியதும் அடியில் தெரியும் தண்டைச் சின்னக் குறடால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இலகுவாக ஓட வேண்டும். இறுகியிருந்தால், புது ஹெட் மாட்டினாலும் அதே சுமையை இழுத்து அதுவும் சீக்கிரம் சாகும். அப்போது தண்ணீரை வடித்து முழு வால்வையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. தண்டிலிருந்து தண்ணீர் கசிந்தாலும் அப்படியே.

மாட்டிய பிறகு ஹீட்டிங்கைப் போட்டு லீவர் தொளதொள ஆகும் வரை நில்லுங்கள். பாய்லர் எழுந்ததும் அணையுங்கள். லீவரில் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு திரும்பி, பாய்லரும் அணைய வேண்டும். சுடுநீரையும் தனியாக ஒரு முறை இதேபோல் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடியைத் திருகுங்கள்.