குமிஹிமோ கிட்: வட்டுக்காக வாங்கலாம், நூலுக்காக வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமிஹிமோ கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஆன்லைனில் கிட் தேடுகிறவர்கள் அதில் வரும் ஃபோம் வட்டுக்காக வாங்குங்கள், கூட வரும் நூலுக்காகவோ குறிப்புத் தாளுக்காகவோ வாங்காதீர்கள். நான் வாங்கியது பெரிய பெயர் எதுவும் இல்லாத ஒரு கிட். இதே பெட்டியை வேறு வேறு பெயர்களில் விற்கிறார்கள், விலையும் ஐநூறு ரூபாயைத் தாண்டவில்லை. வட்டமாக ஒரு வட்டு, சதுரமாக ஒன்று, நீள இழையைச் சுற்றிவைத்து மூடும் எட்டு பிளாஸ்டிக் பாபின், நாலைந்து நிறத்தில் சாட்டின் கயிறு, முனைக்குப் போடும் உலோக மூடிகள், கொக்கிகள், பொடி எழுத்தில் ஒரு தாள். அவ்வளவுதான் பெட்டிக்குள். விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்த அண்ணன் மகளோடு உட்கார்ந்து இதை முழுதாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். பிரேஸ்லெட் என்று சொல்லும்படியாக நிறையவே செய்துவிட்டோம்.

கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானியர்கள் கயிறு பின்னும் கலை இது. நாரா நகரில் உள்ள ஷோசோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டுப் பின்னல் கயிறுகளை இன்றைக்கும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சாமுராய்களின் கவசத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்துக் கட்டியதும் வாளுறையில் கட்டியதும் இப்படிப் பின்னிய பட்டுக் கயிற்றால்தான். 1876இல் வெளியிடங்களில் வாள் அணியக் கூடாது என்று அரசு தடை போட்டதும் அந்தத் தொழிலை நம்பியிருந்தவர்கள் கிமோனோவின் இடுப்புப் பட்டைக்கு மேல் கட்டும் ஓபிஜிமே கயிறு பக்கம் திரும்பினார்கள், கலையும் பிழைத்துக்கொண்டது. கியோட்டோவும் மியே மாகாணத்து இகாவும் இன்றும் இதற்குப் பேர்போன ஊர்கள். அங்கே மரபாகப் பின்னுவது மருதாய் என்ற வட்ட மரத் தாங்கியில். நடுவில் ஓட்டை, சுற்றிலும் தாமா என்ற எடையேற்றிய மரக் கட்டைகளில் சுற்றிய இழைகள், பின்னப் பின்னக் கயிறு ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். நாம் வாங்கும் ஃபோம் வட்டு அந்த மருதாய்க்குப் பதிலாக மடியில் வைத்துக்கொள்ளும் எளிய கருவி. மருதாயில் இழைகளை இழுத்துப் பிடிப்பது தாமாவின் எடை, வட்டில் அந்த வேலையை விளிம்பில் இருக்கும் வெட்டுகள் செய்கின்றன. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் கிட்டில் எதைக் கவனித்து வாங்குவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

அதனால்தான் வட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன். எனக்கு வந்தது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கனம், கையால் வளைத்தால் லேசாக முறுக்கிக்கொண்டு திரும்ப நிமிர்கிறது, வெட்டில் மாட்டிய இழை தானாக நழுவுவதில்லை. இதைவிட மெல்லிசாக, செருப்பு ஸ்பாஞ்சு போல் தொளதொளவென்று இருப்பவையும் விற்கின்றன, அவை வேண்டாம். வாங்கியவர்கள் போட்டிருக்கும் படங்களில் வட்டைப் பக்கவாட்டில் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். எவ்வளவு நல்ல வட்டானாலும் தடித்த கயிறுகளை நாள்கணக்கில் மாட்டியபடியே விட்டால் வெட்டுகள் வாய் பிளந்துகொள்ளும், அதனால் எடுத்த பிரேஸ்லெட்டை முடித்துவிட்டு வட்டைக் காலியாக வைப்பது நல்லது.

சரி, பின்னும் முறை. தாளில் இருப்பதைவிடத் தெளிவாகச் சொல்லப் பார்க்கிறேன். வட்டைச் சுற்றி 32 வெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் எண், நான்கு திசையிலும் ஒரு புள்ளி. எட்டு இழைகளின் முனையைச் சேர்த்து முடிந்து, முடிச்சை நடு ஓட்டையில் இறக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வோர் இழையை மாட்ட வேண்டும், அதாவது 32-1, 8-9, 16-17, 24-25. இப்போது மேலே உள்ள ஜோடியில் வலப்பக்க இழையைக் கழற்றி, நேரே கீழே கொண்டுவந்து, அங்கிருக்கும் ஜோடிக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் மாட்டுங்கள். கீழே மூன்று இழை சேர்ந்துவிட்டதா? அதில் இடது ஓரத்தில் இருப்பதை மேலே கொண்டுபோய், தனியாக நிற்கும் இழைக்கு இடப்பக்கம் மாட்டுங்கள். வட்டை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புங்கள். அடுத்த ஜோடி மேலே வந்துவிடும், திரும்ப அதே வேலை. கோங்கோ குமி என்ற உருண்டைப் பின்னலுக்கு இவ்வளவுதான். ஒரு பிரேஸ்லெட் முடிவதற்குள் கை பழகிவிடும், பேசிக்கொண்டே பின்னலாம்.

குறிப்புத் தாளின் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை இங்கேதான் வருகிறது. ஒன்றிலிருந்து பதினைந்துக்கு, பதினேழிலிருந்து முப்பத்தொன்றுக்கு என்று எண்ணாகவே சொல்லிக்கொண்டு போய் ஒரு சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். நான்கு ஜோடியும் ஒருமுறை முடிந்ததும் எல்லா இழையும் புள்ளியை விட்டு ஒரு வெட்டு தள்ளி நிற்கும், இரண்டாவது சுற்றில் அந்த எண்கள் எதுவும் பொருந்தாது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் குழம்பிப்போய் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். எண்ணைப் பார்க்கவே வேண்டாம், ஜோடியை மட்டும் பாருங்கள். மேலே வலது கீழே, கீழே இடது மேலே, திருப்பு. இந்த ஒரு வரியை அச்சடித்திருந்தால் அந்தத் தாளே தேவையில்லை. நடுவில் யாராவது வாசலில் கூப்பிட்டால் அப்படியே எழுந்து போகாமல், கீழே மூன்று இழை சேர்ந்திருக்கும் நிலையில் நிறுத்திவிட்டுப் போங்கள். திரும்பி வந்து எடுக்கும்போது அடுத்து எந்த இழை என்று பார்த்தவுடனே தெரியும். இதையும் தாளில் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய விடுபடல், எடை. நடு ஓட்டையில் தொங்கும் முடிச்சில் சின்னதாக ஓர் எடையைக் கட்டிவிட்டால் பின்னல் நடுவிலேயே நின்று சீராக இறங்கும். மருதாயில் பின்னுகிறவர்கள் சுற்றிலும் தொங்கும் தாமாக்களின் மொத்த எடையில் ஏறக்குறைய பாதியை நடுவில் எதிரெடையாகக் கட்டுகிறார்கள், அந்த அளவு மாறினால் கயிறு இறுகுவதும் தளர்வதும் மாறும். ஃபோம் வட்டுக்கு அவ்வளவு கணக்கு தேவையில்லை. எங்கள் வீட்டில் அப்பத்தாவின் பழைய சுருக்குப்பையில் கொஞ்சம் சில்லறையைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டோம். கட்டிய உடனே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு முன்பு ஓர் இடத்தில் தடிப்பாகவும் ஓர் இடத்தில் சன்னமாகவும் வந்த பின்னல், அதற்குப் பிறகு ஒரே உருட்டாக வந்தது. கிட் விற்கிறவர்கள் ஒரு சின்ன கிளிப் எடையைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

எடை கட்டிய பிறகும் அண்ணன் மகள் ஒவ்வோர் இழையையும் மாட்டிவிட்டு ஒரு இழு இழுத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் பனையோலையில் கொட்டான் பின்னும் அக்கா ஒருவர் இருக்கிறார், செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளுக்குச் சீர்க் கொட்டான் செய்து கொடுக்கிறவர். ஏதோ வேலையாக வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏத்தா, எதுக்கு ஒவ்வொண்ணையும் போட்டு இழுக்குற? இறுக்கமா இருக்கணும்னு இல்ல, எல்லாம் ஒண்ணுபோல இருந்தாப் போதும்" என்றார். அவர் வட்டை வாங்கி மடியில் வைத்தார், எண்களைத் திரும்பியும் பார்க்கவில்லை, இரண்டு சுற்றைக் கவனித்துவிட்டு மூன்றாவதிலிருந்து அவரே பின்னினார். அவர் பின்னிய அந்தத் துண்டுதான் எங்கள் வீட்டில் இருப்பதிலேயே சீரானது. ஓலை கிழியாமல், ஆனால் இடைவெளியும் விடாமல் பின்னிப் பழகிய விரல்களுக்கு இழுவையின் அளவு தெரிந்திருக்கிறது. ஓலை வேறு, நூல் வேறு, முறையும் முற்றிலும் வேறு. ஆனால் குமிஹிமோவில் கற்றுக்கொள்ள வேண்டியது எண்களையோ அசைவையோ விட இந்த ஒரே சீரைத்தான் என்பது எனக்கு அன்றைக்கு உறுதியாயிற்று. செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதைக் கற்கிறவர்கள் வீடியோ பார்ப்பதோடு நிறுத்தாமல் கொட்டான் பின்னும் ஒருவர் அருகில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்று மனதாரச் சொல்கிறேன்.

இனி நூல். கிட்டில் வந்த சாட்டின் கயிறு பார்க்கப் பளபளவென்று இருக்கிறது, படத்தில் அழகாக விழும், அதோடு சரி. வெட்டிய முனை உடனே பிரிந்து பஞ்சாகிறது, நம் ஊர் வெயிலில் வியர்த்த கையோடு பின்னினால் பிசுபிசுக்கிறது, சிவப்புக் கயிறு தண்ணீர் பட்டதும் சாயம் விட்டுப் பக்கத்து வெள்ளையைக் கெடுத்துவிட்டது. முனையை நெருப்பில் காட்டி உருக்கலாம் என்றால் அது எந்த இழை என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும். நைலானோ பாலியஸ்டரோ உருகி ஒட்டிக்கொள்ளும், ரேயான் கருகிப்போகும். பாக்கெட்டில் ஒன்றுமே எழுதவில்லை. இந்தக் கயிற்றைத் தூக்கிப் போட வேண்டாம், பிள்ளைகள் முறை பழகும்வரை இதில் பின்னட்டும், தடிப்பாக இருப்பதால் எந்த இழை எங்கே போகிறது என்று கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

கையில் கட்டிக்கொள்ளும் பிரேஸ்லெட்டுக்கு நான் சொல்வது சாதாரண எம்ப்ராய்டரி பருத்தி நூல். கடைத்தெருவில் தையல் சாமான், மேட்சிங் துணி விற்கும் கடைகளில் ஆங்கர் கண்டு என்று கேட்டால் நிறம் நிறமாக எடுத்துப் போடுவார்கள். ஒரு கண்டில் 8 மீட்டர் இருக்கும், அதிலேயே ஆறு மெல்லிய புரிகள் சேர்ந்திருக்கும், பிரிக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள். கணக்கு இப்படி: மணிக்கட்டுக்கு 16 சென்டிமீட்டர் பின்னல் வேண்டுமென்றால் அதைப்போல் மூன்று மடங்கு இழை வேண்டும், முடிச்சுக்கும் முனைக்கும் சேர்த்து 60 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளலாம். ஒற்றையாகப் பின்னினால் மிகவும் மெல்லிசாக வரும் என்பதால் இரட்டையாக எடுங்கள். இரண்டு நிறம், நிறத்துக்கு நான்கு இழை, இரட்டையாக எடுத்தால் நிறத்துக்கு 4.8 மீட்டர், ஆக ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கண்டு போதும், மிச்சமும் இருக்கும். ஆரி வேலைக்கு விற்கும் பட்டு மாதிரியான நூலிலும் பின்னிப் பார்த்தோம், மிகவும் சன்னம், வழுக்குகிறது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது ஆகாது.

நிறத்துக்கு நான் எங்கேயும் தேடவில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம கண்டாங்கிச் சேலையின் அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு, இந்த மூன்றையும் வைத்துப் பின்னியது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போய் ஆளுக்கொன்று கேட்டார்கள். அசைவு அதேதான், எட்டு இழையும் அதேதான், தொடக்கத்தில் எந்த நிறத்தை எந்த வெட்டில் மாட்டுகிறோம் என்பதை மாற்றினாலே முற்றிலும் வேறு கோலம் வருகிறது. இந்தக் கலையில் என்னை மிகவும் இழுத்தது இதுதான். ஒரு தாளில் வட்டம் போட்டு நிறத்தைக் குறித்துவைத்துக்கொண்டு பின்னுங்கள், பிடித்த கோலத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் அந்தக் குறிப்பு இல்லாமல் முடியாது.

முனை மூடிகள் எனக்குத் திருப்தி இல்லை. கிட்டில் வரும் சாட்டின் கயிற்றில் பின்னினால் அதே கிட்டில் வரும் மூடிக்குள் பின்னல் நுழையவே மறுக்கிறது, பருத்தியில் பின்னியது சரியாக உட்கார்ந்தது. வெட்டுவதற்கு முன்னால் வெட்டப்போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் தையல் நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டு நடுவில் வெட்டுங்கள், இல்லையென்றால் முழுப் பின்னலும் அவிழ்ந்துவிடும். நொடியில் ஒட்டும் பசை பருத்தியை விறைக்க வைத்து வெள்ளை பூத்துவிடுகிறது, அதனால் ஒரு துளிக்கு மேல் வேண்டாம். உலோகம் ஒத்துக்கொள்ளாத தோல் உள்ளவர்கள் மூடியும் கொக்கியும் இல்லாமல் இரண்டு முனையையும் இழுத்துச் சரிசெய்யும் முடிச்சாகப் போட்டுக்கொள்ளலாம், குளிக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை.

சதுர வட்டில் தட்டைப் பின்னல் வரும், அது அடுத்த படி, உருண்டைப் பின்னல் கைக்கு வந்த பிறகு எடுங்கள். பாபின்கள் பரவாயில்லை ரகம், எட்டில் இரண்டு சரியாக மூடவில்லை. பிரேஸ்லெட் நீளத்துக்கு அவை தேவையும் இல்லை.

பணம் போடுவதற்கு முன் பிள்ளைக்கு இது பிடிக்குமா என்று பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, விளிம்பில் எட்டு வெட்டு போடுங்கள். ஏழு இழை மாட்டினால் ஒரு வெட்டு காலியாக இருக்கும். காலி வெட்டைக் கீழே வைத்து, அதிலிருந்து ஒரே பக்கமாக மூன்றாவது இழையை எடுத்துக் காலியிடத்தில் மாட்டி, புதிதாகக் காலியான வெட்டைக் கீழே கொண்டுவாருங்கள். எப்போதும் அதே பக்கமாகவே எண்ண வேண்டும், அவ்வளவுதான் விதி. உருண்டையான கயிறு அதிலேயே வந்துவிடும். அட்டையின் விளிம்பு நைந்துபோகும்வரை பிள்ளை விடாமல் பின்னினால் தைரியமாகக் கிட் வாங்குங்கள். வட்டு மட்டும் தனியாகவும் கிடைக்கிறது, நூல் உள்ளூரில் வாங்கப் போகிறவர்களுக்கு அதுவே போதும், செலவும் குறையும். எனக்கு அடுத்து பதினாறு இழைப் பின்னல். இதே வட்டில் 32 வெட்டு இருப்பதால் இடம் தாராளமாக இருக்கிறது. இடுப்புக்குக் கட்டும் அளவுக்கு நீளமாகப் பின்ன நினைத்திருப்பதால் இந்த முறை பாபின் இல்லாமல் முடியாது, நல்லதாக மூடும் பாபின் எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.