பழைய டிவி தொடர்களை எப்படிப் பார்ப்பது: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு என் கருத்து

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். பழைய தொடர்களைப் பார்க்கக் காசு அதிகம் ஆகாது, பொறுமைதான் வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்று பார்த்தால் நன்றாக இருக்கும். ஒரே ராத்திரியில் நாலைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் இரண்டாவதிலேயே கை தானாக போனைத் தேடும். அப்புறம், டிவியில் இரண்டு செட்டிங்கை மாற்றாமல் எந்தப் பழைய தொடரையும் ஆரம்பிக்காதீர்கள். அதைப் பற்றிக் கீழே.

எங்கள் வீட்டில் இது மலேசியாவில் கொரோனாவுக்காகப் போட்ட எம்சிஓ, அதாவது நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தொடங்கியது, 2020 மார்ச். இந்தியாவில் தூர்தர்ஷன் அப்போது 1987 ராமாயணத்தைத் திரும்பப் போட்டார்கள், தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு ஃபிளாட்டுக்குள் அப்பா, நான், வீட்டுக்காரி, யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கிற அக்கா மகள். புதுத் தொடர் எது போட்டாலும் நாலு பேருக்கும் ஒத்துவராது. அப்பாதான் "அந்தக் காலத்துக் கொம்பெட் கெடைக்குதா பாரு" என்றார். கிடைத்தது. அதிலிருந்து இன்று வரை வாரத்தில் ஒரு ராத்திரி பழைய தொடருக்கு என்று ஆகிவிட்டது. கட்டுப்பாடெல்லாம் எடுத்து வருஷக்கணக்காகியும் அந்த ராத்திரி மட்டும் நிற்கவில்லை.

கொம்பெட் என்று அப்பா சொல்வது அமெரிக்காவின் 'காம்பாட்', 1962 முதல் 1967 வரை வந்தது, 152 எபிசோட். முதல் நாலு சீசன் கறுப்பு வெள்ளை, கடைசி சீசன் மட்டும் கலர். இரண்டாம் உலகப் போர், பிரான்ஸ், ஒரு சின்னக் காலாட்படைக் குழு. விக் மாரோ நடித்த சார்ஜன்ட் சாண்டர்ஸ்தான் எங்கள் அப்பா வயசுக்காரர்களுக்கு எல்லாம். எங்கள் வரிசையில் டிவி இருந்தது ஒரே வீட்டில், அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்ததாக அப்பா சொல்வார். இப்போது பெரிய திரையில், சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போதும் அவர் காலை மடக்கிக் கீழேதான் உட்காருகிறார், என்ன சொன்னாலும் கேட்பதில்லை.

இந்தத் தொடர் எனக்குப் புதுசு. சும்மா துப்பாக்கிச் சண்டையாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நிறைய எபிசோட்டில் சண்டை கொஞ்சம், பயம் அதிகம். ஜெர்மானியச் சிப்பாய்கள் ஜெர்மன் மொழியிலேயே பேசுகிறார்கள், பல இடங்களில் அதற்கு வசனவரி கிடையாது. அவன் என்ன கத்துகிறான் என்று சாண்டர்ஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த ஒரு விஷயத்திலேயே பாதி பதற்றம் வந்துவிடுகிறது. முதல் சீசனில் சிலவற்றை ராபர்ட் ஆல்ட்மன் இயக்கியிருக்கிறார், பிற்காலத்தில் பெரிய சினிமா இயக்குநராக ஆனவர். குறையும் உண்டு. பிரெஞ்சுக் கிராமம் என்று காட்டுவது முழுக்க ஹாலிவுட் ஸ்டூடியோ வளாகம், அதே தெருமுனை திரும்பத் திரும்ப வரும். வாரம் ஒன்று பார்த்தால் தெரியாது, அடுத்தடுத்துப் பார்த்தால் அந்தத் தெருமுனைக்கே நாம் பழகிவிடுவோம்.

சரி, செட்டிங். இதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. அந்தக் காலத்துத் தொடர்களின் படம் 4:3, அதாவது கொஞ்சம் சதுரம் மாதிரி. இப்போதைய டிவி 16:9. சில டிவிகள் தானாகவே படத்தை அகலமாக இழுத்துவிடும், அப்போது எல்லார் முகமும் அம்மைக்கட்டு வந்தது போல வீங்கித் தெரியும். அதைவிட மோசம், சில இடங்களில் தொடரைப் போடுகிறவர்களே மேலும் கீழும் வெட்டி அகலத் திரைக்குப் பொருத்திவிடுகிறார்கள். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் 2019-ல் டிஸ்னி பிளஸில் வந்தபோது இப்படி வெட்டியதில் ஃபிரேமின் ஓரத்தில் வைத்திருந்த நகைச்சுவையெல்லாம் காணாமல் போனது, ரசிகர்கள் சத்தம் போட்டதால் 2020-ல் பழைய வடிவிலும் பார்க்க வழி செய்தார்கள். ஆகவே டிவியில் படத்தின் அளவை 'ஒரிஜினல்' அல்லது 4:3 என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று வீட்டில் புகார் வரும், வரட்டும்.

இன்னொன்று, அசைவை வழவழப்பாக்கும் வசதி. ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, எதுவானாலும் அணைத்துவிடுங்கள். படச்சுருளில் எடுத்த தொடர் நொடிக்கு 24 ஃபிரேம். டிவி நடுவில் தானாகப் புது ஃபிரேம்களைச் செருகினால், காம்பாட்டின் காடு கூட நேற்று கல்யாண வீட்டில் எடுத்த வீடியோ மாதிரி ஆகிவிடும்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாள் குழப்பியது. பேசும் கார் வரும் அமெரிக்கத் தொடரான 'நைட் ரைடர்' ஆரம்ப இசை என் காதில் பதிந்திருப்பது ஒரு சுதியில், ஆனால் என்னிடம் இருந்த டிவிடியிலும் நெட்டில் பார்த்ததிலும் சுதி ஒன்றாக இல்லை. காரணம் சாதாரணம்தான். நமக்கு இங்கே இருந்தது பால் (PAL) என்கிற டிவி முறை, நொடிக்கு 25 ஃபிரேம். 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 25-ல் ஓட்டிப் பால் டிவிடி போடும்போது சுமார் 4 சதவீதம் வேகம் கூடும், 50 நிமிஷம் 48 ஆகும், குரலும் இசையும் ஒரு இழை உயரும். கோளாறு எதுவும் இல்லை. ஆனால் சின்ன வயசிலிருந்து கேட்ட பாட்டு என்றால் காது கண்டுபிடித்துவிடும்.

நைட் ரைடர் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 1982-லிருந்து 1986 வரை வந்தது. அந்தக் கறுப்பு டிரான்ஸ் ஆம் காரும் அதன் மூக்கில் இடவலமாக ஓடும் சிவப்பு விளக்கும் இன்றைக்கும் அழகு. காருக்குக் குரல் கொடுத்த வில்லியம் டேனியல்ஸின் பெயர் தொடரில் போடவே இல்லை, அவரே வேண்டாம் என்றாராம். மற்றபடி கதை தேறவில்லை. பத்து வயதில் பார்த்தவர்கள் அந்த நினைவோடு விட்டுவிடுவது நல்லது.

எங்கள் வீட்டில் எல்லாரையும் கட்டிப்போட்டது கொலம்போதான்.

பீட்டர் ஃபாக் நடித்த அமெரிக்கத் துப்பறியும் தொடர் 'கொலம்போ'. முதல் டிவி படம் 1968, தொடராக வந்தது 1971-லிருந்து, கடைசி 2003-ல், மொத்தம் 69. கொலைகாரன் யார் என்று முதலிலேயே காட்டிவிடுவார்கள், எப்படி மாட்டுகிறான் என்பதுதான் கதை. அக்கா மகளுக்கு இது பிடிக்காது என்றே நினைத்தேன். முதல் ராத்திரி 'மர்டர் பை த புக்' போட்டோம், 1971, இயக்கியது அப்போது இருபதுகளில் இருந்த ஸ்பீல்பெர்க். ஆரம்பத்தில் ஒரு கார் சாலையில் வருகிறது, ஆனால் கார் சத்தம் இல்லை, டைப்ரைட்டர் தட்டும் சத்தம் மட்டும். ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து கதை தட்டிக்கொண்டிருக்கிறார், கார் நெருங்கிக்கொண்டே இருக்கிறது, இசையே இல்லை. அக்கா மகள் போனைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, ஹீரோ எப்பதான் வருவாரு?" என்றாள். "பொறும்மா, கசங்குன கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் வருவான், அவந்தான்" என்றார் அப்பா. அவர் சொன்ன மாதிரியே கொலை எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக வந்தார். அந்தக் கோட்டு ஃபாக்கின் சொந்தக் கோட்டாம். அதில் அவர் ஓட்டும் பழைய பெஜோ 403 காரும் அப்படியே அவரை மாதிரியே இருக்கும்.

அடுத்த வாரத்திலிருந்து அவளே நேரத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். பிறகு பொறுமை தாங்காமல் செமஸ்டர் லீவில் தனியாக வரிசையாகப் பார்க்கப் போய், ஒரு வாரத்தில் அலுத்துப்போய் வந்து நின்றாள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது மாமா என்றாள். ஒரே மாதிரிதான். அந்தத் தொடர் வாராவாரம்கூட வந்ததில்லை. அமெரிக்காவின் என்பிசி சேனலில் 'மெக்கிளவுட்' போன்ற வேறு துப்பறியும் தொடர்களோடு மாற்றி மாற்றி ஒரே நேரத்தில் போட்டார்கள், ஒரு சீசனுக்கு அதிகபட்சம் எட்டுதான். பார்க்கிறவர் போனதை முக்கால்வாசி மறந்த பிறகுதான் அடுத்தது வரும். கதவு வரை போய்த் திரும்பி வந்து "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று அவர் கேட்பது மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் சிரிப்பு வரும், ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்தால் கோபம் வரும். தொடங்குகிறவர்கள் 70-களில் வந்ததை எடுங்கள். 1989-லிருந்து ஏபிசி சேனலில் வந்தவை நீட்டி முழக்கியவை என்பது என் அபிப்பிராயம், அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார்.

தமிழுக்கு வருவோம். இங்கே நாங்கள் சீரியலை நாடகம் என்றுதான் சொல்வோம். அஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி 1996-ல் வருவதற்கு முன்னால், எங்களுக்கெல்லாம் லிட்டில் இந்தியாவில் கேசட் வாடகைக்கு விடும் கடைதான் கதி. திரும்பப் பார்த்ததில் வீட்டில் பெரிய வெற்றி 'மர்மதேசம்', அதிலும் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், 90-களின் பிற்பாதி. கிராமத்தில் தப்புப் பண்ணுகிறவர்களைக் கருப்பசாமி வந்து தண்டிக்கிறாரா, இல்லை வேறு யாராவதா என்பதுதான் கேள்வி. பதிலை நான் சொல்லப்போவதில்லை. அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் ரொம்ப இளமையாக இருக்கிறார்கள், நிஜத்திலும் பிறகு கல்யாணம் செய்துகொண்டவர்கள். வாசலில் குதிரைச் சிலையோடு முனீஸ்வரர் கோயில் இருக்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குதிரைக் குளம்படிச் சத்தம் வேறு மாதிரி வேலை செய்யும். வீட்டுக்காரி இரண்டாவது வாரமே பால்கனிக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டாள், நாங்கள் இருப்பது பதினோராவது மாடி.

படத்தின் தரத்தைப் பற்றி ஏமாறாதீர்கள். கொலம்போ, காம்பாட் எல்லாம் 35 எம்எம் படச்சுருளில் எடுத்தவை. சுருளைத் திரும்ப ஸ்கேன் செய்தால் புதுசு மாதிரி வரும். நம் 90-களின் நாடகங்கள் பெரும்பாலும் வீடியோ டேப்பில் எடுத்தவை, அதில் இருக்கும் விவரம் அவ்வளவுதான், எந்த மந்திரத்தாலும் கூட்ட முடியாது. 'எச்டி' என்று போட்டு மறுபடி ஏற்றுகிறவர்கள் ஓரங்களைக் கூர்மையாக்கி, முகத்தை மெழுகு மாதிரி ஆக்கிவைத்திருக்கிறார்கள். தயாரித்தவர்களே யூடியூபில் ஏற்றியிருந்தால் அதைப் பாருங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

மெகா நாடகங்கள் தனி ரகம். 'சித்தி' 1999-லிருந்து 2001 வரை, 'மெட்டி ஒலி' 811 எபிசோட், 'கோலங்கள்' 1500-ஐத் தாண்டும். தினமும் வந்தவை, நேற்று பார்க்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று எழுதியவை, அதனால்தான் அந்த முன்கதையும் ஒரே அதிர்ச்சிக்கு நாலு பேர் முகத்தைக் காட்டுவதும். இதை வாரம் ஒன்று பார்க்கவும் முடியாது, மொத்தமாகப் பார்க்கவும் முடியாது. வீட்டுக்காரி கண்டுபிடித்த வழிதான் சரி: துணி மடிக்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் ஓடவிடுவது. மெட்டி ஒலியில் அப்பாவும் ஐந்து பெண்களும் வருகிற காட்சி என்றால் மட்டும் வெங்காயத்தை வைத்துவிட்டு வந்து உட்காருவாள். நானும்தான்.

எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தையில் டிவிடிகள் சிலசமயம் மாட்டும், விலை சில வெள்ளி (ரிங்கிட்). எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள், மலேசியாவுக்கு 3, அமெரிக்காவில் போட்டது 1, சாதாரண பிளேயர் எடுக்காது. வட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பின்பக்கம் நீலமாகவோ ஊதாவாகவோ இருந்தால் பெரும்பாலும் வீட்டில் பதிந்த திருட்டுப் பிரதி, எத்தனை வருஷம் வரும் என்று சொல்ல முடியாது. கட்டணத் தளங்களை நம்பி மட்டும் இருக்காதீர்கள், இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் உரிமம் முடிந்து போய்விடும். "ஆயுசுக்கும் காசு கட்டவேண்டாம் அண்ணே" என்று ஒரு கடையில் விற்ற ஆண்ட்ராய்டு பெட்டியின் ஆயுசு ஒரு வருஷம்கூட இல்லை. தவிர, 2022-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபின் அப்படித் திருட்டுத்தனமாகப் படம் காட்டும் பெட்டியை விற்பதே குற்றம்.

கிடைக்கவே கிடைக்காதது ஒன்று உண்டு. நம் ஊரிலேயே எடுத்த பழைய தமிழ் நாடகங்கள். தேடித் தேடிப் பார்த்ததில் துண்டு துண்டாகத்தான் அகப்பட்டது, அதுவும் யாரோ வீட்டில் பதிந்து வைத்தது. டேப் விலை அதிகம் என்பதால் அழித்து மேலேயே பதிவது அந்தக் காலத்தில் உலகம் முழுக்க நடந்ததுதான். பிபிசியே தன் 'டாக்டர் ஹூ' தொடரின் 60-களின் எபிசோட்களை அழித்துவிட்டு, பிறகு ஹாங்காங்கிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் சிலதைத் திரும்பக் கண்டெடுத்தார்கள். படம் கிடைக்காதவற்றின் ஒலி மட்டும் முழுசாக இருக்கிறது, வீட்டில் டேப் ரிகார்டரை டிவி முன்னால் வைத்துப் பதிந்த ரசிகர்களால்.

அதனால் உங்கள் வீட்டு அலமாரியில், மேலே துணிப்பையில் கட்டிப்போட்ட விஎச்எஸ் கேசட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் கேசட்டின் முன்மூடியைத் தூக்கி டேப்பைப் பாருங்கள். பினாங்கு ஈரத்துக்கு ஓரத்தில் வெள்ளைப் பூசணம் பிடித்திருக்கும். பிடித்திருந்தால் பிளேயரில் போடவே கூடாது, டேப்பைப் படிக்கும் ஹெட் பாழாகும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூசணம் ஒட்டும். விஎச்எஸ் பிளேயர் தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டது, பழுதானால் பழசைத்தான் தேட வேண்டும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றிவையுங்கள். அட்டையில் 'பிள்ளை காது குத்து' என்று எழுதியிருந்தாலும் கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள், மீதி இடத்தில் அந்த வாரத்து நாடகத்தைப் பதிந்து வைப்பது எல்லா வீட்டிலும் நடந்ததுதான்.